மாப்பிள்ளை மங்கின கல்யாணப் படங்களும் கொட்டாஞ்சேனைப் பயணமும்

தூதரக நேர்முகத்துக்காக யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பிலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்குகிற ஆட்கள் பலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள் என்று பின்னூட்டங்களில் தெரிகிறது. கல்யாணவீட்டுக்கு எந்த லென்ஸ் கொண்டுபோவது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதிவில் பதில் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. இந்த வருடம், 2008 மாசி மாதத்தில் வந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் அப்படி எழுத வைத்தது.

பயணம் சின்னது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, ஏறக்குறைய பத்தரைக் கிலோமீற்றர். அது ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அதன்பிறகு கொட்டாஞ்சேனைக்குள் அறுநூறு மீற்றர் நடக்கவேண்டியிருந்தது. அதற்கு மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடைய ஒரே மகள் துஷி. போன கார்த்திகையில் வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்து, தாலி கட்டி, திரும்பிப் போய்விட்டார். அவள் பின்னால் போவதற்கு விசா வேண்டும். விசாவுக்கு, இது உண்மையான கல்யாணம்தான் என்று காட்டவேண்டும். அதற்குப் படங்கள் வேண்டும். படங்களை எடுத்தது யார்? பெண்ணைப் பெற்ற தகப்பன். அதாவது, நான்.

சுவிசில் இருக்கிற மச்சான் ஒரு டிஜிட்டல் கமெராவும் ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் கொண்டுவந்து தந்ததிலிருந்து எனக்குப் பிடித்த வியாதி இது. எஃப் 1.8 என்று லென்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும். நான் ஓ லெவலில் கணக்கை இரண்டு தரம் கோட்டைவிட்டவன். எண் சின்னதாக ஆக ஆகத் துவாரம் பெரிதாகும் என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் போனது. பிறகு நான் வேலைசெய்கிற ஹார்ட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய் வால்வைத் திறந்து பார்த்துத்தான் மூளைக்குள் ஏறியது. வால்வை முழுக்கத் திறந்தால் வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும். ஆனால் நீங்கள் குறிவைத்த இடம் மட்டும்தான் தெளிவாக விழும். அதற்கு முன்னால் பின்னால் உள்ளதெல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிவிடும். அந்த உருகலுக்கு யப்பான்காரர் பொக்கே என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்த பிறகு எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அதனால் மகளின் கல்யாணம் முழுவதையும் வால்வை முழுக்கத் திறந்தபடியே எடுத்தேன். வடிவான படங்கள். துஷியின் கண் இமை ஒவ்வொன்றையும் எண்ணலாம். பின்னால் இருந்த இருநூறு சனமும் மஞ்சள், சிவப்பு, பச்சைப் பந்துகளாக மிதந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 10.40க்கு நேர்முகம் முடிந்து துஷி வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. எந்த நாட்டுத் தூதரகம் என்று எழுதப்போவதில்லை, அதிகாரி மரியாதையாகத்தான் நடந்திருக்கிறார். இருபத்துநாலு படங்களையும் மேசையில் பரப்பிவைத்து, இது கல்யாணமா அல்லது ஸ்டூடியோவில் எடுத்ததா என்று கேட்டிருக்கிறார். துஷி ஒரு படத்தில் விரலை வைத்து இது என் பெரியம்மா என்றிருக்கிறாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இது ஒரு மஞ்சள் புள்ளி என்றிருக்கிறார். பெண்ணுக்குக் குறிவைத்ததால், அரை அடி பின்னால் நின்ற மாப்பிள்ளையே பதினொரு படங்களில் மங்கல். அந்த ஆளின் மனைவி நான் என்று ஒரு பெண் விசா கேட்கிறாள், ஆளுக்கு மூக்கு இல்லை. கடைசியாகக் கேட்ட கேள்விதான் அவளை அழவைத்தது. உங்கள் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லையா?

நாளை காலை எட்டரைக்கு வேறு படங்கள் கொண்டுவரலாம், இல்லையென்றால் கோப்பில் இருப்பதை வைத்து முடிவு எடுப்பேன் என்று சொல்லி, படங்களை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு ஒன்றரை வருடம். இருபத்தாறு வயதுத் தமிழ்ப் பிள்ளை இந்த நாட்களில் கொழும்பில் ஒன்றரை வருடம் இருப்பது என்றால் என்ன என்று இங்கிருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏற்கெனவே இரண்டு தரம் சந்தேகத்தில் அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய், பின்னேரம்தான் விட்டவர்கள். அந்த இரண்டு பின்னேரங்களும் நானும் மனிசியும் பொலிஸ் நிலையத்து மதிலோடு நின்றோம். மூன்றாம் தரம் ஒன்று வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த அவசரம் எல்லாம்.

கல்யாணத்தில் வேறொருவரும் படம் எடுத்தார். மனிசியின் தமக்கை புருஷன், என்னுடைய சகலன் யோகண்ணை. தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்றவர், கொட்டாஞ்சேனையில் வீடு. பெருவிரலால் சக்கரத்தைச் சுற்றினால் கிர்ர் என்று சத்தம் போடுகிற பிளாஸ்டிக் பிலிம் கமெரா ஒன்று வைத்திருக்கிறார். அன்று மண்டபத்தில் நாலுபேர் கேட்க அவரைப் பார்த்து, அந்த விளையாட்டுச் சாமானோடு கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, என்ரை பின்னணியிலை விழுறியள் என்று சொன்னவன் நான்தான். அன்றைக்கு நின்றது எங்கள் பேச்சு. மூன்று மாதம்.

வீட்டிலிருந்து நான் அவருக்கு அழைத்தபோது அவர் மனைவி, துஷியின் பெரியம்மா, நாங்கள் அக்கா என்கிறவ, எடுத்தா. கமெரா அலுமாரியில் இருக்கிறது, பிலிமும் இன்னும் உள்ளேதான், கழுவவில்லை என்றா. பிறகு குரலைத் தணித்து, போனில் கேட்டால் தரமாட்டார், நீர் நேரே வந்து கேளும் என்றா.

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் 12.05க்கு 155 பஸ் ஏறினேன். கட்டணம் 22 ரூபா. கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்கள் கோட்டைக்குப் போய் மாறத் தேவையில்லை, இந்த இலக்கம் மருதானை வழியாக நேரே போகும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, திருப்பிக் கொடுத்த உறையைத் திறந்து பார்த்தேன். பெருமைப்பட்ட படங்களைக் குற்றப்பத்திரிகையாகப் பார்ப்பது புது அனுபவம்.

லென்ஸ் கேட்டவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சொல்கிறேன், பஸ்ஸும் மெதுவாகத்தான் போனது. எல்லா லென்ஸும் ஒரே மாதிரி மங்காது. கமெராவோடு வருகிற சின்ன சூம் லென்ஸ் பின்னணியைக் கொஞ்சம்தான் கலைக்கும், அதையும் பதற்றமாகக் கலைக்கும். இலைகள், கதிரைக் கால்கள் எல்லாம் இரட்டைக் கோடாக நடுங்கும், கண்ணாடி போடாமல் பேப்பர் வாசிப்பதுபோல. என்னுடைய ஐம்பது மில்லிமீற்றர் முழுக்கத் திறந்தால் நடுவில் பல்புகள் வட்டமாக விழும், ஓரங்களில் எலுமிச்சை வடிவில் நசியும். கொஞ்சம் மூடினால் அதே பல்புகள் ஐங்கோணமாகிவிடும், ஏனென்றால் துவாரத்துக்கு ஐந்து தகடு. நீண்ட சூம் லென்ஸ் தூரத்திலிருப்பதை இழுத்துக்கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு மங்கவைக்கும். நண்பர் ஒருவரிடம் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்துச் செய்த நீள லென்ஸ் ஒன்று இருக்கிறது, அதில் பின்னணி வெளிச்சமெல்லாம் உழுந்து வடையாக வரும், நடுவில் ஓட்டையோடு. யோகண்ணையின் கமெராவுக்கு இந்த வித்தை ஒன்றும் தெரியாது. துவாரம் ஊசிமுனை. ஐந்து அடியிலிருந்து வானம் வரைக்கும் எல்லாம் ஒரே தெளிவு. நான் சிரித்தது அதற்குத்தான்.

மருதானைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நடந்து, பையைக் காட்டி, மறுபக்கத்தில் ஏறவேண்டும். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருப்பவர்கள் கூடுதலாக நாலு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆறு நிமிடம் எடுத்தது, கண்டக்டர் புண்ணியவான் காத்துநின்றார். 1.02க்கு இறங்கினேன். யோகண்ணையின் வீட்டு ஒழுங்கை பெருந்தெருவைத் தொடுகிற சந்தி அப்போது வெறுமையாக இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பாரைக் குழம்பைத்தான் பார்த்தார். “இஞ்சை பாருமப்பா, பின்னணிக்காரர் வந்திருக்கிறார்” என்றார் அக்காவிடம். “தள்ளி நிக்கச் சொல்லும், சோத்திலை விழுவார்.”

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் புள்ளி, மூக்கில்லாத மாப்பிள்ளை, நாளை எட்டரை. இடையில் மன்னிப்பும் கேட்டேன் என்று நினைக்கிறேன், எந்த இடத்தில் என்று நினைவில்லை. பெரியம்மாவை மஞ்சள் புள்ளி என்றதைக் கேட்டு அக்கா சிரித்துவிட்டா. யோகண்ணை சிரிக்கவில்லை. பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார்.

கமெராவின் முதுகில் சின்ன ஜன்னலில் 31 என்று இருந்தது. முப்பத்தாறு படப் பிலிம். இப்படியே திருப்பிச் சுற்றி எடுப்பம், ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோவம் என்றேன். அவர் என்னை இப்போதுதான் நேராகப் பார்த்தார்.

“இன்னும் அஞ்சு கிடக்கு. அஞ்சையும் குப்பையிலை போடச் சொல்லுறீரோ?”

எங்கள் தலைமுறை ஆட்களுக்கு இது விளங்கும். பிலிம் முடியாமல் யாரும் கழுவக் கொடுத்ததில்லை. ஒரு ரோலில் பொங்கலும் இருக்கும், அதே வருடத்துத் தீபாவளியும் இருக்கும். மகளின் வாழ்க்கையே அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. ஆனாலும் அந்த ஐந்தை வீணாக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்த ஐந்தையும் முடிக்கலாம் என்ற தவறு அவருடையது மட்டுமில்லை.

ஒன்று அக்காவை எடுத்தார். ஒன்று பூனை. ஒன்று சுவாமிப் படத்தட்டு. மிச்சம் இரண்டு. வெளியே வந்து கேற் அடியில் நின்று, “நீர் ஒரு படத்திலும் இல்லை எண்டுதானே அவன் கேட்டவன். உதிலை நில்லும்” என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு மனிதர் என்னைப் படம் எடுக்கிறேன் என்கிறார். நான் சேர்ட்டை இழுத்துவிட்டு, வயிற்றை உள்ளே எடுத்து, நின்றேன். மப்பு வானம். பளீர் என்று ஃபிளாஷ் அடித்தது. கிர்ர். மறுபடியும் பளீர்.

அவருடைய முகம் மாறியதைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால், எழுபது மீற்றரில், அரை மணித்தியாலத்துக்கு முன் வெறுமையாக இருந்த சந்தியில் இரண்டு பீப்பாயும் குறுக்கே ஒரு தடியும் முளைத்திருந்தன. நாலு ஆமிக்காரர். அதில் ஒருவர் எங்களை நோக்கி நடந்துவந்துகொண்டிருந்தார், ஓடவில்லை, நடந்துதான் வந்தார். நேரம் 1.40.

அந்த நேரத்திலும் என் மூளை லென்ஸைத்தான் நினைத்தது. என்னுடைய ஐம்பது மில்லிமீற்றராக இருந்தால் அந்தச் சந்தி முழுவதும் இரண்டு பச்சைப் பந்து. இந்த விளையாட்டுச் சாமானில் பீப்பாயில் எழுதியிருக்கும் எழுத்தையும் வாசிக்கலாம். பின்னணி மங்கியதால் வந்த நான், பின்னணி மங்காததால் பிடிபட்டேன்.

எங்கே, என்ன எடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். என்னுடைய சிங்களம் பைப் ஃபிட்டிங் விற்கப் போதும், அதற்கு மேல் போகாது. படத்தைக் காட்டு என்றார். வயது இருபத்திரண்டு இருக்கும், டிஜிட்டல் கமெரா மட்டும் பார்த்து வளர்ந்தவராக இருக்கவேண்டும். திருப்பிப் பார்த்தார், திரை இல்லை. பக்கத்தில் ஒரு கொளுக்கி இருந்தது. அதைத் தட்டினார். மூடி ஒரு விரல் அகலம் திறந்தது.

“எபா மாத்தயா” என்றேன். வேண்டாம் ஐயா. சொன்னதோடு நிற்காமல் கையை நீட்டி மூடியின்மேல் வைத்துவிட்டேன். துவக்கு வைத்திருக்கிற ஆளின் கையில் இருக்கிற பொருளின்மேல். யோகண்ணை பிறகு சொன்னார், தன் சீவன் அப்போதே போய்த் திரும்பி வந்ததாம். ஆமிக்காரர் என் கையைத் தட்டிவிட்டார். ஆனால் மூடியை அமர்த்தினார். திறந்திருந்தது ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம். உள்ளே என்ன மிஞ்சியது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

சந்திக்குக் கொண்டுபோனார்கள். பொலிஸ் சாஜன்ட் ஒருவர் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார், ஐம்பதை நெருங்கிய ஆள். அடையாள அட்டை, கொழும்பில் தங்குகிற தமிழர் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவு எல்லாம் கேட்டார். வெள்ளவத்தைக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்றார். மகளின் கல்யாணம், விசா, நாளை எட்டரை என்று துண்டு துண்டாகச் சொன்னேன். யோகண்ணை தபால் கந்தோர்ச் சிங்களத்தில் இடைவெளிகளை நிரப்பினார். சாஜன்ட் என் கையில் இருந்த உறையை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவதில் நின்றார்.

பின்னால் நிற்கிற இவர்கள் யார், ஏன் முகங்களை அழித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரே நாளில் இரண்டு அரசாங்கங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டன. முதலாவது அரசாங்கத்தின் குரலில் மரியாதையாவது இருந்தது. இரண்டாவதின் குரலில் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. ஆட்களை மறைக்கவேண்டும் என்று நினைக்கிறவன்தான் முகத்தை அழிப்பான்.

அழிக்கவில்லை, லென்ஸ் அப்படி என்றேன். அவருக்கு விளங்கவில்லை. துவாரம், எஃப், வால்வு, எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வழியில்லாமல் என் பெருவிரலைக் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மற்றக் கண்ணை மூடி, ஐயாவும் இப்படிச் செய்யுங்கோ என்று சைகை காட்டினேன். விரலைப் பாருங்கோ, விரலை மட்டும். பின்னால் இருக்கிற பீப்பாய் என்ன ஆகுது?

சாஜன்ட் பெருவிரலைத் தூக்கி, ஒரு கண்ணை மூடினார். பக்கத்தில் நின்ற இரண்டு ஆமிக்காரரும் தூக்கினார்கள். தெருவில் போன ஒரு மனுஷி இதைப் பார்த்து, நடையைக் கூட்டிக்கொண்டு போனா. யாரும் சிரிக்கவில்லை.

சாஜன்ட் விரலை இறக்கினார். சரி, இது விளங்குகிறது என்றார். ஆனால் பெட்டிக்குள் இருக்கிறது என்ன என்று தெரியவேண்டும். கொன்ஸ்டபிள் ஒருவர் என்னோடு ஸ்டூடியோவுக்கு வருவார், கழுவி அச்சடித்து முதலில் தன்னிடம் கொண்டுவரவேண்டும். அதுவரை தபால்காரர் இங்கே இருப்பார். யோகண்ணைக்கு ஒரு கதிரை கொடுத்தார்கள். அவர் அதில் நேராக, வேலைக்கான நேர்முகத்துக்கு வந்தவர்போல இருந்தார்.

ஸ்டூடியோக்காரர் முஸ்லிம், வயதானவர், எல்லோருக்கும் நானா. சீருடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிலிமை வாங்கினார். உள்ளே போகும்போதுதான் மெதுவாக, “திறந்ததா?” என்றார். ஓம் என்றேன். எவ்வளவு என்று விரலால் கேட்டார், காட்டினேன். “வெளிச்சுத்து போயிருக்கும். உள்ளுக்கு இருக்கிறதை அல்லாஹ் காப்பாத்தணும்.”

இரண்டு மணித்தியாலத்தில் தருவதை ஒரு மணித்தியாலத்தில் செய்கிறேன் என்றார். மனிசி மூன்று தரம் போன் எடுத்தா. நான் கொன்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஓம், நல்லா நடக்குது, சோறு சாப்பிட்டாச்சு என்று மூன்று தரம் பொய் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் யாரோ ஒரு பெண்பிள்ளையின் பூப்புனித நீராட்டுப் படம் இருந்தது. அதை நான் மனப்பாடம் செய்துவிட்டேன்.

நானா நெகட்டிவ் சுருளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வெளிச்சம் பட்ட இடம் நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். கடைசிப் பக்கத்திலிருந்து விரலை நகர்த்தினார். முப்பத்தாறு கறுப்பு. முப்பத்தைந்து, முப்பத்துநாலு, கறுப்பு. முப்பதும் கறுப்பு. இருபத்தெட்டில் கறுப்புக்குள் ஏதோ ஒரு கோடு. இருபத்தாறில் விரல் நின்றது. “இஞ்ச ஒரு பொம்புள நிக்கிறா.” அவர் விரலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அக்கா. மஞ்சள் புள்ளி இல்லை, மூக்கும் மூக்குத்தியுமாக அக்கா. அவவோடு சேர்த்து இருபது கல்யாணப் படங்கள் தப்பியிருந்தன. கழுவக் கூலியும் அச்சுமாக 575 ரூபா.

நாலு மணிக்குச் சந்திக்குத் திரும்பினோம். யோகண்ணை அதே கதிரையில், அதே இருப்பில் இருந்தார். சாஜன்ட் படங்களைப் புரட்டினார். அந்தக் கமெராவுக்கு வெட்கம் மானம் கிடையாது. அக்கா வாயைத் திறந்து அப்பளம் கடிக்கிறா. மின்விசிறியின் தூசி தெரிகிறது. மணிக்கூட்டில் 10.17. மாப்பிள்ளைக்கு முழு மூக்கு. எங்கள் சந்தியை எடுத்த படம் எங்கே என்றார் சாஜன்ட். நானாவின் கடையிலேயே பார்த்த கொன்ஸ்டபிள், அது வெளிச்சம் பட்டு எரிந்துவிட்டது என்றார். சாஜன்ட் மூடியைத் திறந்த ஆமிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பீப்பாயைப் பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். சாஜன்ட் ஒரு படத்தை நீட்டினார். இது யார்?

பின்வரிசையில் வெள்ளைச் சேர்ட் போட்ட ஒரு பெடியன். மூன்று படங்களில் நிற்கிறான். எனக்குத் தெரியாது. எந்தக் கல்யாணவீட்டிலும் யாருக்கும் தெரியாத இரண்டுபேர் நிற்பார்கள், ஆனால் இந்தக் காலத்தில், இந்தச் சந்தியில், தெரியாது என்று எப்படிச் சொல்வது? பெயர் ஒன்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லியிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்கமாட்டேன். தெரியாது ஐயா என்றேன். சாஜன்ட் படத்தை எடுத்துக்கொண்டு, பத்து அடி தள்ளி இருந்த யோகண்ணையிடம் போனார். என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சாஜன்ட் திரும்பிவந்து மிச்சப் படங்களைப் புரட்டினார், ஒன்றில் நிறுத்தி, உற்றுப் பார்த்தார். அந்தப் பெடியன் கையில் தட்டு, தட்டில் காகிதக் கிண்ணங்கள், கிண்ணங்களில் இளஞ்சிவப்பாக ஐஸ்கிரீம். ஒவ்வொரு கிண்ணத்திலும் குத்தியிருந்த மரக்கரண்டிவரை தெளிவு. “ஐஸ்கிரீம் குடுத்தவன். எனக்கு ரெண்டு தந்தவன்” என்றுதான் யோகண்ணை சொல்லியிருக்கிறார்.

பிறகு கடைசிக் கேள்வி. எல்லாப் படத்திலும் குனிந்துகொண்டு நிற்கிற இந்த ஆள் யார்? நான்தான் என்றேன். சாஜன்ட் என் அடையாள அட்டையைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அட்டையில் இருந்தது முகம். படத்தில் இருந்தது என்னுடைய பின்பக்கம். அடுத்த படத்தில் பக்கவாட்டு, முகம் இருக்கவேண்டிய இடத்தில் கமெரா. அதற்கடுத்ததில் கதிரைமேல் ஏறி நிற்கிறேன், கமெராவோடு. “மூண நெஹெ” என்றார். முகம் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய மீசை கொஞ்சம் அசைந்தது. எரிந்த நெகட்டிவ் துண்டை வெட்டி எடுத்து உறையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தந்தார். நேரம் 4.50.

ஒழுங்கைக்குள் வந்த பிறகுதான் யோகண்ணை நின்றார். பிறகு, “உம்மடை படம் ரெண்டும் எரிஞ்சு போச்சே” என்றார். அத்தனைக்கும் பிறகு மனிதருக்கு அந்த இரண்டு படம்தான் கவலை. நான் த்ரீவீல் பிடித்தேன், வெள்ளவத்தைக்கு 450 ரூபா. டிரைவர் மலையகத்துத் தமிழர். பையில் கமெரா இருக்கா சார் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினார். கெட்டிக்காரர்.

அடுத்த நாள் காலை எட்டரைக்குத் துஷி உள்ளே போனாள். நான் எதிர்ப்பக்கத்து மதிலோடு நின்றேன். நாற்பத்தைந்து நிமிடம். நடந்ததை அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். அதிகாரி முதல்நாள் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாராம், அப்பா எங்கே? துஷி விரலை வைத்திருக்கிறாள். இது அப்பா. அடுத்த படம், இதுவும் அப்பா. இதுவும். எட்டாவது படத்தில் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, “இவருக்கு முகம் இருக்கிறதா?” என்று கேட்டாராம்.

“இருக்கு. ஆனா எங்கடை வீட்டிலை ஒருத்தரும் அதைப் படமா எடுக்கேல்லை, அவர்தானே எல்லாரையும் எடுக்கிறவர்” என்று இவள் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அவர் இருபது படங்களையும் கோப்பில் வைத்துக்கொண்டார். ஆறு கிழமையில் விசா வந்தது. சித்திரை முடிவதற்குள் போய்விட்டாள். கட்டுநாயக்காவில் வழியனுப்புகிறவர்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறார்கள் என்று தெரியுமல்லவா. அங்கிருந்து பார்க்க எந்த லென்ஸும் உதவாது.

இனி போகிறவர்களுக்கு. 155 பஸ்ஸில் பகலில் போங்கள், மூன்று மணிக்கு முன் திரும்பப் பாருங்கள். பொலிஸ் பதிவுத் துண்டின் மூலப்பிரதி, போட்டோக் கொப்பி அல்ல. வெறுமையாக இருந்த சந்தி அரை மணித்தியாலத்தில் வெறுமையாக இருக்காது, அதனால் தெருவில் கமெராவை எடுக்கவே வேண்டாம், ரோலில் எத்தனை மிஞ்சினாலும். தெரியாத ஆளைத் தெரியாது என்றே சொல்லுங்கள். விசாவுக்கான கல்யாணப் படங்களை எஃப் 8இல் எடுங்கள், மண்டபம் இருட்டு என்றால் ஃபிளாஷ் போடுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் நிற்கிற சனமும் எல்லாம் விழவேண்டும், வாயில் அப்பளம் இருந்தாலும் பரவாயில்லை. 1.8 வேண்டும் என்றால் பூனையை எடுங்கள். பெண்ணின் தகப்பன் கமெராவை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். இதற்கு எஃப் எண் கிடையாது.

போன கிழமை மருமகன் படம் ஒன்று மின்னஞ்சலில் அனுப்பினார். எனக்குப் போட்டியாக அவரும் ஒரு லென்ஸ் வாங்கியிருக்கிறார், 1.4 ஆம். துஷி ஒரு ஜன்னலடியில் நின்று சிரிக்கிறாள். கண் இமை எண்ணலாம். பின்னால் எல்லாம் உருகிக் கிடக்கிறது. மனிசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய், பிள்ளை மெலிஞ்சிட்டாளோ என்று முகத்தைப் பார்த்தா. நான் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பு எங்கே, கோட்டு எங்கே தொங்குது, கதவுக்குப் பூட்டு இருக்கா என்றுதான் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு விரலால் தட்டச்சு செய்து பதில் அனுப்பினேன்:

“மருமகன், படம் வடிவு. அவளுக்குப் பின்னாலை ஒரு சாம்பல் நிறம் தெரியுது. அது சுவரோ, வெளியிலை பனியோ? எஃப் எட்டிலை வைச்சு இன்னொண்டு எடுத்து அனுப்புங்கோ.”